திஜானி நட்ட வேலி

என் புருஷன் திஜானி மவுத்தானதிலிருந்து எங்கள் தீவு ஊரான மெலீத்தாவில் அவனைப் பற்றிக் குறை சொல்ல ஒரு ஆள் அகப்படவில்லை. பள்ளிவாசலில் புகழ்கிறார்கள், காபிக்கடையில் புகழ்கிறார்கள், ரொட்டிக்கடைக்காரன்கூட மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து புகழ்கிறான். புகழட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இவர்களில் யாராவது அவன் கால்சட்டைப் பைக்குள் கையை விட்டுச் செத்த இறாலை எடுத்திருக்கிறார்களா? கூரை ஒழுகுகிறது என்று சொன்னால், “மழை விடட்டும், பாக்குறேன்” என்பான். மழை விட்டதும், “இப்பதான் ஒழுகலையே” என்பான். வாழ்நாள் முழுக்க அந்தக் கூரைக்குக் கீழே சட்டி வைத்துத் தண்ணீர் பிடித்தவள் நான். அதனால் அவன் கதையைச் சொல்ல எனக்குத்தான் பாத்தியதை அதிகம்.

வீட்டுக்குள் இருந்தால் அவனுக்கு மூச்சு முட்டும். குஸ்குஸ் தட்டைக் கையில் கொடுத்தால் அதைத் தூக்கிக்கொண்டு அத்திமரத்தடிக்குப் போய்விடுவான். சாப்பிட்டு முடித்ததும் மூக்கை உயர்த்தி வானத்தைப் பார்த்து, “காத்து திரும்புது, போய்ப் படகைப் பாத்துட்டு வந்துர்றேன்” என்பான். படகைப் பார்க்கப் போன ஆள் மறுநாள் காலையில் தோளில் மீனும் தாடியில் உப்புமாக வருவான். எதிரில் இருக்கும் குட்டித் தீவில் காய்ந்த மட்டையைக் கொளுத்தி மடவை மீனைச் சுட்டு, ஹரீஸா மிளகாய் விழுது தடவிய பார்லி ரொட்டியோடு தின்றுவிட்டு, மணலிலேயே படுத்துவிட்டு வந்திருப்பான். “வீட்ல மெத்தை இருக்குல்ல?” என்று கேட்டால், “மெத்தையில படுத்தா நட்சத்திரம் தெரியாதே மப்ரூக்கா” என்பான். மீனைப் பிடுங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவேன்.

மீன் அவனுக்கு வேலை, பந்து அவனுக்கு உயிர். எங்கள் ஊர் மைதானம் கடலை ஒட்டிய உப்புத் தரை. ஒரு பக்கக் கோட்டைத் தாண்டினால் கடல்தான். கடல் ஏறும் நாளில் மூலைக்கொடி தண்ணீரில் நிற்கும். பந்து கடலுக்குள் போனால் உதைத்தவனே நீந்திப் போய் எடுத்து வர வேண்டும் என்பது எங்கள் சட்டம். கோல் வலை எல்லாம் கிழிந்த மீன்வலைதான், அதையும் அவன்தான் உட்கார்ந்து பின்னுவான். யார் சொன்னாலும் கேட்காத ஒரு கழுதை எங்களிடம் இருந்தது. அதற்கு ‘ரெஃப்ரி’ என்று பேர் வைத்திருந்தான். ஆட்டம் நடக்கும்போது எவனாவது, “ரெஃப்ரியைப் பிடிச்சுக் கட்டுங்கடா, கொடியைத் தின்னுட்டு இருக்கு” என்று கத்துவான். வெளியூரிலிருந்து வந்த நடுவர் முகம் சிவந்து விசிலை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்வார். அப்புறம் அவருக்குக் காபி கொடுத்துச் சமாதானம் செய்வது என் வேலை.

விளையாடும் வயது போன பிறகு ஊர் அணிக்கு அவனே பயிற்சியாளன். ஒவ்வொரு ஞாயிறும் அழுக்கு ஜெர்சி மூட்டையை என் காலடியில் கொண்டுவந்து போடுவான். நானும் துவைப்பேன். உப்பும் சேறும் போகத் துவைத்து, பேரீச்ச மரங்களுக்கு நடுவே கயிறு கட்டிக் காயப்போடுவேன். என் தங்கை வந்து பார்த்துவிட்டு, “உனக்குக் கிறுக்கா அக்கா? இதே என் புருஷனா இருந்தா மூட்டையோட கடல்ல தள்ளியிருப்பேன்” என்பாள். நான் மற்ற எல்லாவற்றுக்கும் கத்துகிறவள். கூரைக்குக் கத்தினேன், இறாலுக்குக் கத்தினேன், சொல்லாமல் விருந்தாளியைக் கூட்டி வந்ததற்குக் கத்தினேன். பந்து விஷயத்தில் மட்டும் அவனை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்ல எனக்கு வாய் வராது. அதற்குக் காரணம் என் வாப்பாவின் வேலி.

எங்கள் தீவைச் சுற்றிக் கடல் இடுப்பளவுதான். நிலத்தில் தோட்டம் இருப்பதுபோல அந்தக் கடலில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பங்கு உண்டு. கோடை போனதும் கடல் வற்றும் நேரம் பார்த்து, சேற்றில் பேரீச்ச மட்டைகளை நெருக்கமாக நட்டு நீளமாக வேலி கட்டுவோம். மீன் அந்த வேலியைத் தடவிக்கொண்டே போய்க் கடைசியில் இருக்கும் அறைக்குள் விழும். வேலி நேராக இருந்தால்தான் விழும். கோணினால் மீன் திரும்பிவிடும். என் வாப்பா அம்மாரின் வேலி ஊரிலேயே நீளமானது. அவரைப் பொறுத்தவரை நாங்கள் எல்லாம் அந்த வேலிக்கு அப்புறம்தான்.

ஒருவன் வேலியை இன்னொருவன் தொடுவது எங்கள் தீவில் வீட்டுக் கதவை உடைப்பதற்குச் சமம். புயலிலோ உயிர் ஆபத்திலோ திறக்க நேர்ந்தால், திறந்தவன் தன் கையாலேயே அதை மூட வேண்டும். மட்டைக் கட்டைத் தூக்கிக் கொடுக்க ஒரு ஆள் உதவலாம், நடுவது அவன்தான். வேலிக்குச் சொந்தக்காரர் சரி என்று சொல்லும்வரை அவன் படகு கடலில் இறங்கக்கூடாது. அக்கரையில் இருக்கும் ஸ்பாக்ஸ் நகரத்துக்குப் போகிற லூதுக் கப்பலிலும் அவன் ஏறமாட்டான். ஏறினால் ஊரில் அவன் முகத்தை எவனும் பார்க்கமாட்டான்.

அப்போது திஜானிக்கு இருபத்திரண்டு வயது இருக்கும், எனக்குப் பத்தொன்பது. அவன் இடது ஓரத்தில் ஓடி விளையாடுகிறவன். அவன் காலில் பந்து விழுந்தால் காபிக்கடையில் சீட்டாடும் கிழங்கள்கூடச் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து நிற்கும். அந்த இலையுதிர் காலத்தில் எங்கள் அணி கோப்பைப் போட்டி ஒன்றில் ஸ்பாக்ஸுக்குப் போய் விளையாட வேண்டியிருந்தது. அங்கேயிருந்த ஒரு பெரிய கிளப்பிலிருந்து ஆள் பார்க்க ஒருவர் வருகிறார் என்று பேச்சு. யாரைப் பார்க்க என்று ஊரில் யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரியும்.

ஆட்டத்தன்று, ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் மூடுபனி. லூது கிளம்பவில்லை. பதினோரு பேரும் கையைப் பிசைந்துகொண்டு கரையில் நின்றார்கள். திஜானி தன் வாப்பாவின் மோட்டார் படகை இறக்கினான். ஆழம் வரும்வரை கழி ஊன்றித் தள்ளி, ஆழமான கடல் வாய்க்காலை அடைந்ததும் மோட்டாரைப் போட்டுவிடலாம் என்பது திட்டம். இதற்குமேல் நடந்ததை நூரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். நூரி எங்கள் கோல்கீப்பர், திஜானிக்குச் சின்ன வயதிலிருந்தே கூட்டாளி. வாயைத் திறந்தால் மூடத் தெரியாது.

“டேய், எங்கடா நிக்கிறோம்? என் கையே எனக்குத் தெரியலை.”

“பேசாம தள்ளு. அம்மார் மாமா வேலி வலது பக்கம் வரும். அதை ஒட்டியே போனா வாய்க்கால்.”

கொஞ்ச நேரத்தில் படகின் மூக்கு எதிலோ போய்க் குத்தி நின்றது. மட்டைகள் சரசரத்தன.

“வலது பக்கம்னியே மாப்ளே. மூஞ்சிக்கு நேரா நிக்குதே?”

பனியில் கண் தெரியாதபோது நாங்கள் வேலிகளை வைத்துத்தான் கடலில் வழி பார்ப்போம். யார் வேலி எந்தப் பக்கம் வளையும் என்பது பால்குடி மறக்கும்போதே தெரிந்துவிடும். திஜானி போன வருஷத்து வேலியை மனசில் வைத்துக்கொண்டு படகைத் தள்ளியிருக்கிறான். அந்த வருஷம் நீரோட்டம் மாறிவிட்டது என்று வாப்பா வேலியின் வாலைக் கொஞ்சம் திருப்பிப் போட்டிருந்தார். படகு நேராக வேலியின் மடிக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. கடலோ வற்றிக்கொண்டிருந்தது.

“திரும்பிச் சுத்திப் போனா?” என்று ஒருவன் கேட்டான்.

“சேத்துல உக்காந்துருவோம். மத்தியானம் வரைக்கும் நண்டு பிடிச்சு விளையாடலாம்,” என்றான் நூரி.

எல்லோரும் வேலியைப் பார்த்தார்கள். கடைசியில் நூரிதான் சொன்னான்: “வேணாம்டா திஜானி. அம்மார் மாமா வேலிடா. அவரு பெத்த புள்ளையை ஏசினாலும் பொறுத்துப்பாரு, இதைத் தொட்டா உரிச்சு உப்புக்கண்டம் போட்டுருவாரு.”

“சாயங்காலம் வந்து நானே மூடுறேன்,” என்று சொல்லிவிட்டுத் திஜானி தண்ணீரில் குதித்தான். படகு நுழையும் அகலத்துக்கு மட்டைகளைப் பிடுங்கிப் படகுக்குள் அடுக்கினான். படகு அந்தப் பக்கம் போய்விட்டது.

ஸ்பாக்ஸில் எங்கள் அணி ஜெயித்தது. இரண்டு கோலும் அவனுடையது. இரண்டாவது கோலைப் பற்றி நூரி இன்றைக்கும் பேசிக்கொண்டிருக்கிறான், ஒவ்வொரு தடவையும் ஒரு எதிராளி கூடுகிறான். ஆட்டம் முடிந்ததும் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் திஜானியைத் தனியாகக் கூப்பிட்டார். “வியாழக்கிழமை வா தம்பி. அன்னைக்கு ஆடிக் காட்டிட்டா இந்த வருஷமே சேர்த்துக்கலாம். அதுக்கப்புறம் பதிவு முடிஞ்சிரும், அடுத்த வருஷம் உன் வயசு தாண்டிரும். பூட்ஸ் இல்லைன்னு யோசிக்காதே, நாங்க தர்றோம்.” திஜானியின் காலில் பிய்ந்து கிடந்த பூட்ஸை அவர் பார்த்துவிட்டார்.

சாயங்காலம் பாட்டும் கூத்துமாகத் திரும்பி வந்தார்கள். வேலியை நெருங்கியதும் பாட்டு நின்றுவிட்டது. வாப்பா இடுப்பளவுத் தண்ணீரில் அந்த இடைவெளியில் நின்றுகொண்டிருந்தார். காலையில் ஒரு படகின் அகலமே இருந்த வழி, நீரோட்டம் இழுத்து இழுத்து இப்போது ஒரு தெரு அகலமாகிவிட்டிருந்தது. அன்றைக்கென்று பார்த்து அந்த வருஷத்தின் முதல் மடவைக் கூட்டம் வந்து, முழுக்க அந்த வழியே போய்விட்டது.

“யாரு திறந்தது?”

“நான்தான் மாமா. திஜானி.”

“ஜெயிச்சீங்களா?”

“ஜெயிச்சோம் மாமா.”

“நல்லது. இறங்கு.”

என் வாப்பா அவ்வளவுதான் பேசினார். கத்தியிருந்தால்கூட ஊர் தாங்கியிருக்கும்.

அன்றிலிருந்து மெலீத்தாவுக்கு வேறு பேச்சே இல்லை. வியாழக்கிழமை லூதுக்குள் திஜானி வேலியை முடிப்பானா, மாட்டானா? கடல் வற்றும் நேரத்தில்தான் நட முடியும். பகலில் சில மணி நேரம், அவ்வளவுதான். காபிக்கடையில் கிழங்கள் கடல் ஏறி வற்றும் ஓதக் கணக்கைப் பார்த்து, கெட்டிக்காரன் முடித்துவிடுவான் என்று சொன்னார்கள். நூரி மட்டைக் கட்டுகளைச் சுமந்து கொடுத்தான். திஜானி ஒவ்வொன்றாகச் சேற்றில் ஊன்றி, புல்கயிற்றால் கட்டிக்கொண்டு போனான். வேலியில் நிற்கிறவனுக்கு வேலிக்காரர் வீட்டுச் சாப்பாடு என்பது வழக்கம், அவன் எதிரியாக இருந்தாலும். சாப்பாட்டுத் தூக்கோடு கழுதை வண்டியில் கரைக்குப் போனது நான்.

முதல் நாள், பார்லிக் கஞ்சியில் பேய்க்கணவாய் போட்டுக் கொண்டுபோனேன். அவன் ஒரு வாய் குடித்துவிட்டு, “உப்பு கம்மி” என்றான்.

“கடல்லதானே நிக்கிறே? முக்கித் தின்னு,” என்றேன்.

நூரி கையிலிருந்த கட்டைத் தண்ணீரில் போட்டுவிட்டுச் சிரித்தான். திஜானி என்னைப் பார்த்தான். அதுவரை அவன் என்னைப் பார்த்ததில்லை, பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவனை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், அது வேறு விஷயம்.

மறுநாள், “இன்னைக்கு உப்பு சரியா இருக்கு” என்றான். நான் சும்மா இருந்திருக்கலாம், என் வாய் சும்மா இருக்காதே.

“ஸ்பாக்ஸ்ல என்ன இருக்கு?”

“சினிமாக் கொட்டகை இருக்கு. ஐஸ்கிரீம் இருக்கு. மைதானம் பூரா புல்லு இருக்கு.”

“புல்லா? ஆடு மேயாது?”

“காவலுக்கு ஆள் போட்டிருக்காங்க.”

“புல்லுக்கா காவல்? ஊரு பூரா பைத்தியமா இருக்கும் போல,” என்றேன். அவன் புரையேறும் அளவுக்குச் சிரித்தான். பிறகு நான், “அங்க போனா இந்தப் பக்கம் வருவியா?” என்று கேட்டேன். அவன் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தான். போகப் போகிறான் என்று எனக்குத் தெரியும். போகட்டும், நன்றாக இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். கூடவே என்னையும் அழைத்துப் போனால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். எனக்கு அந்தத் தீவை விட்டு வெளியே போக அத்தனை ஆசை. ஸ்பாக்ஸில் தையல் பள்ளிக்கூடம் இருந்தது, என் பெரியம்மா மகள் அங்கே படித்துக்கொண்டிருந்தாள். ஆனால் ஒரு பெண்பிள்ளை கழுதை வண்டியில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் வாய்விட்டா சொல்லமுடியும்?

தினமும் கடல் ஏறத் தொடங்கியதும் வாப்பா வந்து கரையில் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வேலியைப் பார்ப்பார்.

“டேய், இது என்னடா வேலியா, பாம்பு போன தடமா?”

“எங்க மாமா கோணுது?”

“எங்க கோணலைன்னு கேளு! அந்தக் கட்டு முழுக்கப் பிடுங்கு. நாளைக்கு மறுபடி நடு. உங்க வாப்பன் உனக்கு இதைக்கூடவா சொல்லித்தரலை?”

திஜானி தலையைக் குனிந்துகொண்டு பிடுங்குவான். வீட்டுக்கு வந்து வாப்பாவிடம் சண்டை போட்டேன். “கொஞ்சம் கோணினா கோணட்டும், அவனுக்கு வியாழக்கிழமை போகணும்” என்றேன். “கோணலை மீன் மன்னிக்காது” என்று சொல்லிவிட்டுத் தொழப் போய்விட்டார். அவர் பிடிவாதக்காரர், ஆனால் கெட்டவர் இல்லை.

வியாழக்கிழமை வந்தது. வேலியில் இன்னும் ஒரு பெரிய துண்டு பாக்கி. நான் சீக்கிரமே ரொட்டியை எடுத்துக்கொண்டு கரைக்குப் போய்விட்டேன். பாதி ஊர் அங்கே நின்றது. துறையிலிருந்து லூது ஊதியது. ஒரு தடவை, இன்னொரு தடவை. திஜானி முழங்கால் தண்ணீரில் கையில் மட்டையோடு நின்றான். தலையைக் கீழே குனிந்துகொண்டான், தோள் குலுங்கியது. பெண்கள் எல்லோரும் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். என் வாப்பா யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார். அவன் அழுவதை என் கண்ணால் பார்த்தேன் என்றுதான் இத்தனை வருஷமும் நம்பிக்கொண்டிருந்தேன்.

வேலி அதற்கு இரண்டு ஓதம் கழித்து முடிந்தது. நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. வாப்பா ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது, “அவனைப் போடான்னு சொல்லியிருக்கணும்” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

அடுத்த கோடையில் திஜானியின் உம்மா என்னைப் பெண் கேட்டு வந்தாள். வாப்பா யோசிக்கக்கூட இல்லை, அப்போதே சரி என்றார். எனக்கோ கால் தரையில் பாவவில்லை. அந்தச் சந்தோஷத்தில் எங்கள் ஊர் வாய்கள் மண்ணை அள்ளிப் போட்டன. “வேலிக்கு நஷ்டஈடா பொண்ணைக் குடுத்துட்டாரு அம்மாரு” என்று காபிக்கடையில் ஒருவன் சொன்னான். அது தெருத் தெருவாக வந்து என் காதில் விழுந்தது. கல்யாணத்தில் மத்தளம் அடிக்கிறார்கள், எல்லோரும் குலவை இடுகிறார்கள், எனக்கு மட்டும் அந்த ஒரு வார்த்தைதான் கேட்டுக்கொண்டிருந்தது. நான் நஷ்டஈடு. இவன் இழந்த பந்துக்கு ஈடாக இவன் கையில் கொடுத்த பொருள்.

கேட்டிருக்கலாமே என்பீர்கள். எப்படிக் கேட்பது? ஆமாம் என்று சொல்லிவிட்டால்? காபிக்கடையில் டெலிவிஷன் வந்த பிறகு அந்தப் பெரிய கிளப் விளையாடும் நாளில் சாக்கு சொல்லிக்கொண்டு அந்தப் பக்கம் போவேன், கண்ணாடி வழியாக அவன் முகத்தைப் பார்ப்பேன். ஏதாவது தெரிகிறதா, ஒரு பெருமூச்சாவது வருகிறதா என்று பார்ப்பேன். அவன் சூரியகாந்தி விதையைக் கடித்துத் துப்பிக்கொண்டு, “டேய் குருடா, இடது பக்கம் ஆளே இல்லையேடா!” என்று கத்திக்கொண்டிருப்பான். இடது பக்கம் அவன் ஓடிய பக்கமாயிற்றே. அதோடு வீட்டுக்கு வந்து ஜெர்சிகளை ஊறப்போடுவேன். என் குடும்பம் அவனுக்குப் பட்ட கடனுக்கு என்னால் முடிந்தது அதுதான்.

வாப்பாவும் அப்படித்தான். திஜானி எதிரில் வந்தால் அவர் குரல் இறங்கிவிடும். ஊரையே அதட்டிய மனிதர், மருமகன் எதிரில் பூனையாகிவிடுவார். தன் வேலிக்குப் பக்கத்துப் பங்கில் நல்ல துண்டாகப் பார்த்து அவனுக்கு எழுதி வைத்தார். மவுத்துக்கு முன்னால் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, “என்னை மன்னிச்சிரு மகனே” என்றார். திஜானி அழுதுவிட்டான். “அப்படியெல்லாம் சொல்லாதீங்க மாமா” என்று அந்தக் கையில் முத்தம் கொடுத்தான். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம் அந்தக் கல்லுளிமங்கன்.

போன மாசம் திஜானி போய்ச் சேர்ந்தான். படகைக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டு, மைதானத்து ஓரமாக வந்து உட்கார்ந்து பையன்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். ஆட்டம் முடிந்ததும் எழுந்திருக்கவில்லை. அல்லாஹ் அவனுக்குக் கஷ்டமில்லாத சாவைக் கொடுத்தான்.

மூன்றாம் நாள் துக்கம் விசாரிக்க ஸ்பாக்ஸிலிருந்து நூரி வந்தான். அவன் மகன் வீட்டோடு அங்கே போய் வெகு நாளாகிறது. பல்லெல்லாம் போய்விட்டது, வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. வந்த சனம் கலைந்த பிறகு, நான் காபி கொடுக்கப் போனேன். நான் கொடுத்த கோப்பையை வாங்கிக் குடிக்காமல் கீழே வைத்தான்.

“மப்ரூக்கா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அவன் உசிரோட இருக்கிறவரை வாயைத் திறக்கமாட்டேன்னு எங்கிட்ட குர்ஆன் மேல சத்தியம் வாங்கியிருந்தான்.”

“நீயா? வாயைத் திறக்காம இருந்தியா?”

“இந்த ஒண்ணுலதான். அந்த வேலி விஷயம்.” அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். “நீயே சொல்லு, திஜானிக்கு மட்டை நடத் தெரியாதா? கண்ணைக் கட்டிவிட்டாலும் நேரா நடுவான். நினைச்சிருந்தா புதன்கிழமையே முடிச்சிருப்பான். நான் கட்டைத் தூக்கிட்டு நிக்கிறேன், இவன் வேணும்னே ஒண்ணை இப்படியும் ஒண்ணை அப்படியும் ஊனுறான். ‘என்னடா பண்றே? மாமா பிடுங்கச் சொல்லுவாரே’ன்னேன். ‘சொல்லட்டும், அதுக்குத்தானே நடுறேன்’னான். ‘பைத்தியமாடா, வியாழக்கிழமை போகணும்டா’ன்னேன். அதுக்கு அவன், ‘முடிச்சிட்டா நாளைக்கு அவ எதுக்குடா கஞ்சி கொண்டு வருவா?’ன்னான்.”

“லூது ஊதினப்போ அழுதானே?” என்றேன்.

“யாரு அழுதா? சிரிப்பை அடக்க முடியாம தலையைக் குனிஞ்சுக்கிட்டான். ஊரே வாயைப் பொத்திட்டு நிக்குது, இவன் எங்கிட்ட ‘அவ வந்திருக்காளா பாரு’ங்கிறான்.”

நான் சிரித்துவிட்டேன். துக்க வீட்டில், மூன்றாம் நாளில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். உள்ளேயிருந்து என் தங்கை ஓடிவந்து, அக்காவுக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் தெளித்தாள். நான் நஷ்டஈடு இல்லை. ஒரு நாளும் இல்லை. இதைச் சொல்ல அந்த ஆளுக்கு ஆயுசு பூரா நேரமிருந்தது, நட்சத்திரம் பார்க்கத்தான் நேரம் போதவில்லை. சிரித்து முடித்ததும் கோபம் வந்தது பாருங்கள், அப்படி ஒரு கோபம் எனக்கு வந்ததே இல்லை. “எதுக்கு மறைச்சான்?” என்று கேட்டேன். வாப்பாவுக்குத் தெரிந்தால் பெண் கொடுக்கமாட்டார் என்று முதலில் பயந்தானாம். அப்புறம் வெட்கமாகிவிட்டதாம். அப்புறம் சொல்ல நேரம் கடந்துவிட்டதாம். என் வாப்பா மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்தாரே, அதற்கு யார் பதில் சொல்வது? நூரியைக் கன்னாபின்னாவென்று ஏசினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை கபருக்குப் போனேன். எங்கள் மையவாடி கடலைப் பார்த்த மாதிரி இருக்கிறது, அவனுக்கு அதுவும் வெளியில் படுத்த மாதிரிதான். பாத்திஹா ஓதி முடித்தேன். பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தேன்.

“கேட்டியா திஜானி,” என்றேன். “நூரி எல்லாத்தையும் சொல்லிட்டான். கோணலா நட்டியாமே? எனக்காக இங்கேயே கிடந்தியாமே? ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டியா? புல்லு இருக்கு, ஐஸ்கிரீம் இருக்குன்னெல்லாம் சொன்னியே, நீயும் வர்றியான்னு கேக்க உனக்கு வாய் வரலையா? அந்த வியாழக்கிழமையே நான் உங்கூட லூதுல ஏறியிருப்பேன்டா, கிறுக்கா. ரெண்டு பேருமா போயிருப்போம்டா.”

அதைச் சொன்ன பிறகுதான் அழுதேன். அவனைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட நான் அப்படி அழவில்லை.